கைமரத்துக்கும் குழாய்க்கும் நடுவே

சீனிச்சாமியைச் சும்மா சொல்லக் கூடாது, எடுத்த வேலையை முடிக்காமல் தூங்குகிற ஆள் இல்லை. இரண்டு நாளாக அவருக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இல்லை. சனிக்கிழமை மகள் வருகிறாள். நாலு வருஷம் கழித்து வருகிறாள், ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடுவாளாம், கடிதத்தில் எழுதியிருந்தாள்.

கொடைக்கானலுக்கு மேலே, மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கும் ஓரிடத்தில் இருந்தது தாயம்மாவின் ஆசிரமம். குரு தாயம்மாவுக்குச் சீடர் சீனிச்சாமியைவிடப் பதினைந்து வயது குறைவு. சீடர் "அம்மா" என்பார், குரு "ஐயா" என்பார். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

விருந்தாளி அறையில் விறகெரித்துக் குளிர்காயக் கல்லால் கட்டின பழைய கணப்பு ஒன்று உண்டு. புகைபோக்கிதான் இல்லை. தை மாசக் குளிரில் பிள்ளை நடுங்கக் கூடாதே! திண்டுக்கல்லில் லேத் பட்டறை நடத்தின கை சும்மா இருக்குமா? இரும்புக் குழாயைப் பலகைக் கூரை வழியாக வெளியே ஏற்றிவிட்டார் சீனிச்சாமி. காற்றில் அது லொடலொடவென்று ஆடியது. பக்கத்தில் கூரையைத் தாங்கும் கைமரத்துக்கும் குழாய்க்கும் நடுவே மர ஆப்புகளைச் செருகி, அடி அடியென்று அடித்து இறுக்கினார்.

"வந்து பாருங்கம்மா! இனி மலையே ஆடினாலும் இது ஆடாது."

தாயம்மா வந்து அண்ணாந்து பார்த்தார்.

சீனிச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. வர்ற புள்ள திரும்பிப் போகாம இருக்க நான் என்ன செய்யணும்?"

"முதல்ல எதுக்குப் போனா?"

"என்னத்தக் கண்டேன்! படிக்கப் போனா, ஹாஸ்டல் வாசல்லயே போய் நின்னேன். ஓசூர்ல வேலைன்னா, கம்பெனிக்கு எதிர்லயே ரூம் எடுத்துத் தங்குனேன். மணிக்கொரு தரம் போன் போட்டேன். தாயில்லாப் புள்ளம்மா, வேற யாரு பாப்பா? ஒரு நாள் நம்பரையே மாத்திட்டா, பாவி மக."

சுத்தியல் மறுபடி கைக்கு வந்தது.

"கணப்பைப் பத்த வைங்க ஐயா."

பற்ற வைத்தார். புகை ஜம்மென்று மேலே போனது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவாவது உட்கார்ந்தாரா மனுஷன்? பாதைக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நாளைக்கு வருகிறவள், இன்றைக்கு எட்டிப் பார்த்தால் வந்துவிடுவாளாக்கும்!

உச்சிவேளை ஆனது. தாயம்மா ஏணியைக் காட்டினார்.

"ஏறி, அந்தக் கைமரத்தைத் தொட்டுப் பாருங்க."

"ஐயோ, சுடுதும்மா!"

"பத்திக்கிச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நாளைக்கும் எரிக்கலாம்."

சீனிச்சாமி ஏணியிலேயே நின்றுவிட்டார். வாழ்நாளெல்லாம் இரும்போடும் சூட்டோடும் கிடந்தவருக்குத் தெரியாதா?

"எரிக்கக் கூடாதும்மா. இன்னைக்குப் பத்தாது, நாளைக்கும் பத்தாது. மரம் உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வெந்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் லேசான சூட்டுக்கே குப்புன்னு பிடிச்சுக்கும். கீழ படுத்திருக்கறவ..."

"கூறு கெட்டவனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினார்.

தீயை அணைத்து, குழாய் ஆறும்வரை காத்திருந்தார். காத்திருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. பிறகு ஆப்புகளைப் பிடுங்கினார். கைமரத்தை அந்த இடத்தில் அறுத்துவிட்டுக் குறுக்குச் சட்டம் கொடுத்தார். எந்தப் பக்கமும் மரம் அண்டாதபடி கூரைத் துளையை அகலமாக்கி, மழை இறங்காமல் மேலே தகரம் போட்டார். குழாய் ஆடாமலிருக்க இரும்புப் பட்டை, எட்ட இருந்து பிடிக்கிற மாதிரி.

"குழாயச் சுத்தி இருக்கிற இந்த இடைவெளிய எதையாவது வச்சு அடைச்சிரட்டுமா?"

"உங்களுக்குத் தெரியாததா ஐயா?"

அவர் அடைக்கவில்லை. கீழே இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். வேர்வை எப்போதோ நின்றுவிட்டது, துடைப்பது நிற்கவில்லை.

"ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. ஞாயித்துக்கிழமை வராத, கேட்டா வண்டி ரிப்பேருன்னு சொல்லிருன்னு அவளக் கீழ கூட்டிட்டுப் போற ஜீப்காரன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். வண்டி இல்லன்னா அவ எப்படிப் போவா?"

தாயம்மா தன் போனை நீட்டினார். சீனிச்சாமி அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அழைத்தார்.

"தம்பி, நான்தான். ஞாயித்துக்கிழமை காலையில வந்துருப்பா. ஆமா, வண்டி நல்லா ஓடுதுன்னே சொல்லு. எம்மக எப்பக் கிளம்பணும்ங்குதோ அப்பக் கூட்டிட்டுப் போ."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சொல்லிட்டேன். ஆனா வயிறு எரியுதேம்மா. சாப்புட்டாளா, தூங்குனாளா, யாரு துணைக்கு இருக்கான்னு நெஞ்சு கெடந்து வேகுது. இந்த நெனப்பையும் நான் விட்டுரணுமா?"

தாயம்மா மேலே, குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே அவர் விட்டிருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"குழாய் சுடக் கூடாதுன்னு நான் எப்ப ஐயா சொன்னேன்?"