செட்டுக்கு அர்த்தம் சொன்ன பழனாத்தாள்

இங்கிலீசு தெரியாதவனுக்கு நியாயம் கேட்கும் உரிமை கிடையாது என்று நினைத்த மில் மேனேஜர் ஒருவர் இருந்தார். பஞ்சுத் தூசிக்கு முகமூடி கேட்ட மாரப்பனை அவர் வேலையை விட்டு நீக்கினார். அவனுக்காகப் பேச நூல் சுற்றும் பழனாத்தாள் போய் நின்றாள்.

“இங்கிலீசுல ‘செட்’னு ஒரு குட்டி வார்த்தை. அதோட அர்த்தம் அத்தனையும் சொல்லி முடி. அப்புறம் மாரப்பனைப் பத்திப் பேசலாம்,” என்றார் மேனேஜர்.

“எனக்குத் தெரிஞ்சது பம்புசெட்டு மட்டுந்தானுங்க. நம்ம ஆளுங்களைக் கேட்டுச் சொல்லட்டுங்களா?”

“யாரை வேணும்னாலும் கூப்பிடு,” என்று சிரித்தார்.

கூப்பிட்டாள். ஒருத்தி செட் தோசை என்றாள். ஒருவன், தங்கச்சிக்குப் பார்த்த வரன் செட் ஆகவில்லை என்றான். கப்பலேறி வந்த சொல் இத்தனை வாய்களில் குடியேறியிருப்பது பழனாத்தாளுக்கே வியப்பாக இருந்தது. வரிசை மேனேஜர் அறை வாசலைத் தாண்டி நீண்டது. மில்லில் இரைச்சல் அடங்கியது.

மேனேஜர் பதறி எழுந்தார். “மிஷினெல்லாம் ஏன் நின்னுபோச்சு?”

“ஓட்டுறவங்க எல்லாரும் இங்கதானுங்களே நிக்கறாங்க. நீங்க கேட்ட அத்தனை அர்த்தமும் சொல்லி முடிக்க நாளாகும் போலிருக்குங்க.”

“போதும்மா! எல்லாரையும் மிஷினுக்குப் போகச் சொல்லு!”

“மாரப்பனும் எங்களோட வரட்டுங்களா?”

இங்கிலீசு படித்த அந்த மனிதர் சரியென்று தலையை ஆட்டினார்.