அண்ணாச்சி கடைக் கொசுறு

அல்லிக்குளத்தின் கரையில் நீர்நாய் அண்ணாச்சி மீன்கடை வைத்திருந்தார். மண் தொட்டிகளில் மீன்கள் உயிரோடு நீந்தும். கேட்டதை எடுத்துக் கொடுப்பார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லோரும் சினைக் கெண்டையே கேட்டார்கள். விற்று முடித்த பிறகும் அந்த மீன்களின் கனத்த வயிறு தொட்ட உணர்வு அண்ணாச்சியின் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. 'இப்படியே விற்றால் அடுத்த மழைக்குக் குளத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும்' என்று கலங்கினார்.

ஒருநாள் காலை, "இனிமேல் சினைமீன் கிடையாது!" என்று சொல்லிவிட்டார்.

காட்டுப்பூனை வெருகம்மா வாலைச் சிலிர்த்தாள். "நல்லா இருக்கே கதை! நான் என்ன தின்னணும்னு நீங்களா முடிவு பண்ணுவீங்க? எதிர்க்கரையில பாம்புத்தாரா கடை இருக்கு, அங்க போறேன்!"

அவள் போனாள். பின்னாலேயே நாரையும் கொக்கும் போயின. பாம்புத்தாராப் பறவையின் கடையில் சினைமீன் வியாபாரம் அமோகம். அண்ணாச்சியின் கடையிலோ, மீன்கடையாக இருந்தும், ஈகூட மொய்க்கவில்லை.

அண்ணாச்சி யோசித்தார். வெருகம்மா எதை விட்டாலும் கொசுறை விடமாட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் உரக்கக் கூவினார்.

"வாங்க, வாங்க! சினைக் கெண்டையும் உண்டு, சாதாக் கெண்டையும் உண்டு! எது வேணுமோ எடுத்துக்குங்க! சாதாக் கெண்டைக்கு மட்டும் ஒரு பிடி இறால் கொசுறு!"

எதிர்க்கரையிலிருந்து வெருகம்மா ஓடி வந்தாள்.

"சினைக் கெண்டை கொடுங்க. கூடவே கொசுறு!"

"சினைமீனுக்குக் கொசுறு இல்லைம்மா."

"ஏனாம்?"

"அது வயித்துக்குள்ளேயே ஆயிரம் குஞ்சு கொசுறா இருக்கே! அதை நான் கொடுக்க முடியாது. திரும்பத் தண்ணியில விட்டா, அடுத்த மழைக்குக் குளம் கொடுக்கும்."

வெருகம்மா சினைமீனைப் பார்த்தாள். இறாலைப் பார்த்தாள். மீசை துடித்தது.

"சரி, சாதாவே கொடுங்க. இதென்ன பிடி? உங்க கை என்ன தவளைக் கையா? இன்னும் கொஞ்சம் போடுங்க!"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போட்டார். அந்தியில், விற்காத சினைமீன்களை ஒவ்வொன்றாகக் குளத்தில் விட்டார்.

நாரையும் கொக்கும் கொசுறுக்குத் திரும்பி வந்தன. வேறு வழியில்லாமல் பாம்புத்தாராவும் சாதாக் கெண்டைக்கு மட்டும் அதே கொசுறைக் கொடுக்கத் தொடங்கியது.

அடுத்த ஐப்பசியில் குளமெங்கும் குஞ்சுமீன்கள் வெள்ளியாய் மின்னின.

"அண்ணாச்சி, குளம் கொசுறு கொடுத்துடுச்சு!" என்று முதலில் கத்தியவள் வெருகம்மாதான். "அதுவும் தாராளமா! உங்க கை மாதிரி இல்ல!"

எதை வாங்குவது என்பது வாங்குகிறவரின் விருப்பம். நல்லதை அவர் விரும்பும்படி வைப்பது விற்கிறவரின் பொறுப்பு.