வாசல் வரை வந்து திரும்பிய அம்மாக்கள்

ஈச்சங்காட்டில் குட்டிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அதை நடத்தியது ஒரு பெண் கரடி. கடித்தது, கொட்டியது எதுவானாலும் அவளிடம் மருந்து உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இப்போது இருபது இலைப்படுக்கைகளில் பதினெட்டு காலி! ஆற்றுக்கு அக்கரையில் குரங்கு ஒரு புது மருத்துவமனை திறந்திருந்தது. கூட்டமெல்லாம் அங்கேதான்.

"இப்படியே போனா மழைக்கு முன்னாடி இழுத்து மூட வேண்டியதுதான்!" என்று கரடி பதறினாள். "நம்ம நிலைமை என்னன்னு யாராவது ஆராய்ஞ்சு சொல்லுங்களேன்!"

"நான் இருக்கேன்!" என்று வந்து இறங்கியது பருந்து. மூன்று நாள் மருத்துவமனைக்கு மேலேயே வட்டமடித்தது. அக்கரைக்கும் ஒரு நடை பறந்து வந்தது. நாலாம் நாள் கூட்டம் கூடியது. பருந்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம பலம் மருந்து! நம்ம பலவீனம் கூரை! அங்கே பூக்கூரை, இங்கே பாசிக்கூரை! அங்கே குட்டிகளுக்கு ஊஞ்சல் ஆடுது, இங்கே என்ன ஆடுது?"

அவ்வளவுதான், எல்லோருக்கும் உற்சாகம் பற்றிக்கொண்டது. "நான் கொடியில ஊஞ்சல் கட்டறேன்!" என்று குதித்தது அணில். "நான் வாசல்ல தினம் ரெண்டு வேளை ஆடறேன்!" என்றது மயில். "ரெண்டு போதுமா? மூணு வேளை ஆடு!" என்று யானை பிளிறியது.

கரடிக்கும் ஆசைதான். ஆனாலும் ஒன்று கேட்டாள். "இந்த மூணு நாள்ல நம்ம பக்கம் யாருமே வரலையா?"

"வராம என்ன! பதினோரு அம்மாக்கள் வாசல் வரைக்கும் வந்தாங்க. நின்னாங்க. திரும்பிப் போயிட்டாங்க. கூரையைப் பார்த்திருப்பாங்க, வேறென்ன!"

"வாசல் வரைக்கும் வந்தாங்களா?" கரடி எழுந்தே விட்டாள். பிள்ளைக்கு நோவு என்று வந்த தாய் கூரையையா பார்ப்பாள்? கூட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அங்கே ஒரு காட்டுப்பூனை நின்றிருந்தது. வாயில் குட்டியைக் கவ்வியிருந்தது. குட்டியின் கால் வீங்கி, தலை தொங்கிக் கிடந்தது. தேள் கொட்டு!

வாசலில் வருகிறவர்களை விசாரித்து உள்ளே விடும் கிளியோ விடுவதாக இல்லை. "பேர் என்ன? ஊர் என்ன? உடம்புக்கு என்ன? மூணும் சொன்னாத்தான் உள்ளே!"

"ம்ம்... ம்ம்..." என்றது பூனை. வாயைத் திறந்தால் குட்டி விழுந்துவிடுமே!

"பதில் இல்லையா? அடுத்த ஆள் வரலாம்!" என்றது கிளி. அடுத்த ஆளே அங்கே இல்லை! பூனை கண் கலங்கி ஆற்றுப் பக்கம் திரும்பியது. அக்கரை போய்ச் சேர அரை நாள் ஆகும். விஷம் அதுவரை காத்திருக்குமா?

"நில்லும்மா! நில்லு!" கரடி பாய்ந்து போய்க் குட்டியைக் கையில் வாங்கினாள். பச்சிலையைப் பிழிந்து வாயில் விட்டாள். கொட்டின இடத்தில் பற்றுப் போட்டாள். கூட்டத்தில் இருந்தவர்களும் பின்னாலேயே ஓடி வந்து சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் மெல்ல, "மியாவ்!"

"பிழைச்சிடுச்சு! பிழைச்சிடுச்சு!" என்று காடே கூத்தாடியது.

இப்போது பூனையின் வாய் காலி. சும்மா விடுமா? "ஏண்டி கிளியே! பிள்ளையை வாயில கவ்விட்டு வர்றவகிட்ட பேர் கேக்கறியே, உனக்குக் கண்ணு தெரியாதா? கீழே வெச்சிட்டுப் பேசலாம்னா, மூணு நாளா இந்தப் பருந்து வேற தலைக்கு மேல சுத்துது! எந்தத் தாய் வைப்பா?"

பருந்து தலையைத் தொங்கப் போட்டது. "டாக்டரம்மா சொன்ன கேள்வியைத்தானே கேட்டேன்..." என்று கிளி முனகியது.

"ஆமா, போன மாசம் சொன்னது நான்தான். தப்பு என் மேலதான்!" என்றாள் கரடி. "இனிமே முதல்ல குட்டியை வாங்கு. பேரை அப்புறம் கேளு!"

அன்று மாலைக்குள்ளேயே அம்மாக்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஒருத்தி கூடக் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தன் நிலைமையை அறிய நினைப்பவர் உயரத்திலிருந்து பார்த்தால் போதாது. வாசலில் இறங்கி நின்று, வருகிறவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.