பெயர் தெரியாத காய்ச்சல்

டாக்டர் சிவசைலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தென்காசிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். போன வருடம் ஒரு பையன் மூளைக் காய்ச்சலில் அவர் கண்ணெதிரே இறந்தான். எந்தக் கிருமி என்று கடைசிவரை பிடிபடவில்லை. அதன் பிறகு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தார். ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே ஆசிரியர் நவமணி. அவரைவிடப் பதினோரு வயது இளையவர். முதுகுத்தண்டு நீரில் இருக்கும் மரபணுக்களை எல்லாம் வாசித்து, எது மனிதனுடையது, எது கிருமியுடையது என்று பிரிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார்.

எட்டு மாதத்தில் சிவசைலத்தின் கை பழகிவிட்டது.

அப்போதுதான் இறந்த பையனின் தங்கை, ஏழு வயது வெண்ணிலா, அதே காய்ச்சலோடு அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அவளுடைய முதுகுத்தண்டு நீரை ஐஸ் பெட்டியில் வைத்து, அப்பா கருத்தப்பாண்டியே பஸ்ஸில் கொண்டு வந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர், இரண்டு நாளாக அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

"நானே செய்யட்டுமா மேடம்?" என்று கேட்டார் சிவசைலம்.

"செய்யுங்க."

மூன்றாம் நாள் காலையில் கணினித் திரையில் முடிவு வந்தது. ஒரு பாக்டீரியாவின் பெயர். சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிடைச்சிருச்சு மேடம்! இப்ப குடுக்கிற மருந்து இதைத் தொடவே தொடாது. உடனே மாத்தச் சொல்லணும்."

மாற்று மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் போனை எடுத்துவிட்டார்.

"தண்ணி என்ன சொல்லுது?" என்றார் நவமணி.

ஒவ்வொரு சோதனையிலும் நோயாளியின் குழாயோடு இன்னொரு குழாயும் உண்டு. வெறும் சுத்தமான தண்ணீர். அதுவும் எல்லாப் படிகளையும் கடந்து வரும். அதில் எதுவும் இருக்கக் கூடாது. சிவசைலம் அந்தக் குழாயை வைத்திருந்தார். அதன் முடிவைத்தான் திறந்து பார்க்கவில்லை.

பார்த்தார். அதே பாக்டீரியா. அதே அளவு.

போனைக் கீழே வைத்தார்.

"தண்ணிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"ரசாயனத்துல இருந்திருக்கலாம். நம்ம கையிலேர்ந்தும் வந்திருக்கலாம்."

"அதைக் கழிச்சுட்டா?"

"கழிச்சுப் பாருங்க."

கழித்தார். மிச்சம் இருந்தது வெண்ணிலாவின் சொந்த மரபணு மட்டும்தான்.

"வாங்க, பாப்பாவோட அப்பாகிட்ட சொல்லிருவோம்."

"என்னன்னு மேடம் சொல்றது?"

நவமணி அதற்குள் கதவைத் திறந்திருந்தார்.

இருவரும் வருவதைப் பார்த்ததும் கருத்தப்பாண்டி எழுந்து நின்றார். சிவசைலம் அவர் தோளைத் தொட்டு, "இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட் பாக்கி இருக்கு. அநேகமா இது…" என்று ஆரம்பித்தார்.

"ஐயா," என்றார் நவமணி. "என்ன கிருமின்னு எங்களுக்குத் தெரியலை. பாப்பாவுக்கு இப்ப குடுக்கிற மருந்தை நிறுத்த வேண்டாம். மறுபடியும் பாக்குறோம்."

கருத்தப்பாண்டி அந்த அம்மாளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவசைலத்தின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"பையனுக்கு மூணு கிருமி பேரு சொன்னீங்கய்யா. மூணுக்கும் மருந்து குடுத்தீங்க."

சிவசைலத்தின் கை தானாகக் கீழே இறங்கியது.

"நான் பாப்பாகிட்ட போறேன்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறப் போனார்.

மிச்சமிருந்த முதுகுத்தண்டு நீரைப் புது ரசாயனங்களில் மறுபடி சோதித்தார்கள். இந்த முறை தண்ணீர்க் குழாயில் ஒன்றும் இல்லை. வெண்ணிலாவின் குழாயிலும் ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் வெண்ணிலா எழுந்து உட்கார்ந்து, அம்மா ஊட்ட ஓர் இட்லி சாப்பிட்டாள் என்று செய்தி வந்தது. எதனால் வந்தது என்று தெரியவில்லை. எதனால் போனது என்றும் தெரியவில்லை.

அறிக்கையைச் சிவசைலம்தான் எழுத வேண்டியிருந்தது. 'காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு நவமணியின் அறைக்குப் போனார்.

"இருபது வருஷத்துல ஒரு தகப்பன்கிட்டகூட நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை மேடம். பயந்துபோயிருவாங்கன்னு நினைச்சேன். நான்தான் பயந்திருக்கேன்."

நவமணி தாளை வாங்கிப் படித்தார்.

"உங்களுக்கு மட்டும் எப்படி அந்த வார்த்தை தடுக்காம வருது? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

நவமணி தாளை மேசைமேல் வைத்தார்.

"ஒரு தடவை, தெரியாமலே தெரியும்னு சொல்லிட்டேன் டாக்டர்."