பன்னிரண்டாம் நம்பர் வீடு

திருப்பூர்ப் பக்கம் ஒரு மடம். தலைவி ஞானாம்பிகை அம்மா. அவரைவிட இருபது வயது மூத்த சீடர் ஒருவர் அங்கே உண்டு, சடையப்பன். கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி, கடைசியில் மடமே கதி என்று வந்து சேர்ந்தவர். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். கண்ணீரும் அதற்குப் பக்கத்திலேயே.

பனியன் கம்பெனி வேலைக்காரர்களுக்காக மடத்து நிலத்தில் இருபது வீடுகளைத் தம் கையாலேயே கட்டினார். வாடகையும் சொற்பம்.

அந்த வருடம் அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. குறைந்த வாடகைக்கு வீடு விடும் அமைப்புகள் எல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதிகாரி வந்து சோதிப்பார். சடையப்பனுக்குச் சுருக்கென்றது. விலக்குக் கேட்டு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

“தர்மம் பண்றவனுக்கு எதுக்கும்மா காவக்காரன்? கையெழுத்துப் போடுங்க.”

“போடறேன். மொதல்ல வீடு வீடாப் போய்க் குறை கேட்டுட்டு வாங்க, மேஸ்திரியாரே.”

நல்ல அடைமழை. குடையைப் பிடித்துக்கொண்டு இருபது வீடும் ஏறி இறங்கினார். பன்னிரண்டாம் நம்பரில் தெய்வானை, கம்பெனியில் அயர்ன் போடுகிறவள், இடுப்புக் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு அவரைக் கும்பிட்டாள்.

“தரை ஏம்மா ஈரமா கெடக்கு?”

“பாப்பா தண்ணியத் தட்டி உட்டுட்டாளுங்க சாமி.”

“வேற குறை ஏதாச்சும்?”

“உங்க புண்ணியத்துல ஒண்ணுமில்லீங்க.”

கும்பிட்ட கை இறங்கவே இல்லை. சடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் அதிகாரி வந்தார். குடியிருப்பவரைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டுமாம், அப்படி ஒரு விதி. சடையப்பனை வாசலில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டாம் நம்பருக்குள் போனார். ஜன்னல் திறந்திருந்தது; பேச்செல்லாம் கேட்டது.

“நாலு மாசமா இந்த மூலை ஒழுகுதுங்க சார். சுவரைத் தொட்டுப் பாருங்க, ஒரே ஓதம். பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. மடியில உக்கார வெச்சேதான் தூங்க வெக்கறேன்.” அப்புறம் அவள் குரல் தாழ்ந்தது. “நாஞ் சொன்னேன்னு சாமிகிட்டச் சொல்லிராதீங்க. தங்கமான மனுசன். மனசு ஒடஞ்சு போயிருவாரு.”

சடையப்பன் குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்து மடத்துக்கு வந்தார்.

அம்மா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். “மனுவைக் குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொல்லும்போதே தேம்பிவிட்டார்.

“நேத்து நேரா நின்னு கேட்டனே அம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கொத்துக் கரண்டியை எடுத்திருப்பேனே. முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டச் சொல்றா. நான் அவளுக்கு என்ன குறை வெச்சேன்?”

அம்மா எழுந்து, தலை துவட்ட ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தார்.

“ஒரு குறையும் வெக்கல, மேஸ்திரியாரே. உங்களைப் பார்த்ததும் அவளுக்கு ரெண்டு கையும் கும்பிடப் போயிருது. ஒழுகற மூலையை எந்தக் கையால காட்டுவா?”