கடல்நாய் மூக்கை மூடிக்கொண்டது எப்படி

கடல்நாய்களும் மனிதர்களும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் இஷ்பெல் என்றொருத்தி விஸ்கி வடித்துவந்தாள். அவளுடைய வடிசாலை கடலை ஒட்டி நின்றது. அலை பெரிதாக அடித்தால் கிடங்கின் வெள்ளைச் சுவர் நனையும்.

தீவில் விளையும் பார்லி முழுவதும் அவளிடம்தான் வரும். அதை முளைகட்டி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கறுப்பு மண்கட்டிகளை விறகுபோல எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவாள். பிறகு அரைத்து, ஊறவைத்துப் புளிக்கவிட்டு, செம்புப் பானைகளில் வடித்து, மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் உறங்கவிடுவாள். எந்தப் பீப்பாய் பக்குவமாகிவிட்டது என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் தீவுக்காரர்கள் எல்லாரும் வடிசாலைக்கு வந்து, அவள் தேர்ந்தெடுத்ததை ருசிபார்ப்பார்கள். பிடித்திருந்தால் அடுத்த விளைச்சலும் அவளுக்கே.

ஒரு வசந்தத்தில் இஷ்பெல்லுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அது விட்டபோது அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டிருந்தது. ரொட்டி மணக்கவில்லை. புகை மணக்கவில்லை. பீப்பாயைத் திறந்து முகத்தை வைத்தால் குளிர்ந்த காற்று மட்டும்தான் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோடை முழுவதும் அப்படியே போனது.

தீவுக்காரர்கள் வரவேண்டிய நாளன்று காலையில் பனிமூட்டம் கடலையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. வாசலில் ஒரு கடல்நாய் வந்து நின்றது. பெயர் மூரின். பிரசவித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதன் வெள்ளைக் குட்டி மற்றக் குட்டிகளோடு பாறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனையோ வருடமாக உன் கிடங்கின் காற்றை மோந்துகொண்டே நீந்துகிறேன்," என்றது மூரின். "உள்ளே என்னதான் வைத்திருக்கிறாய் என்று பார்க்கலாமா?"

"வா," என்றாள் இஷ்பெல்.

மூரின் ஈரக் கல்தரையில் வழுக்கி வழுக்கி வந்தது. பரப்பியிருந்த பார்லியில் முகத்தைப் புதைத்துத் தும்மியது. செம்புப் பானையில் தன் முகம் நீண்டு தெரிவதை வெகுநேரம் பார்த்தது. கிடங்குக்குள் வந்ததும் மூன்று பீப்பாய்களிலிருந்து மூன்று சிப்பிகளில் இஷ்பெல் ஊற்றி வைத்தாள்.

"மழை விட்ட மேட்டுப் புல்," என்றது மூரின், முதல் சிப்பியை நக்கிவிட்டு. "நான் ஏற முடியாத இடம். ஆனால் இன்னும் பச்சை வாடை போகவில்லை." இரண்டாவதை நக்கியது. "யாரோ வீட்டில் பழம் வேகவைக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது." மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டது. "கரையில் அணைந்த நெருப்பு. புயலுக்கு மறுநாள் அடிக்கும் வெயில். ஏன் அழுகிறாய், இஷ்பெல்?"

"எனக்கு இது எதுவுமே தெரியவில்லை, மூரின். இன்னும் நாற்பது பீப்பாய் இருக்கிறது. அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்."

மூரின் யோசித்தது. "என் மோப்பத்தைத் தருகிறேன். கடல் ஏறத் தொடங்கும்வரை வைத்துக்கொள். அதற்கு மேல் கூடாது. தண்ணீர் ஏறினால் குட்டிகளெல்லாம் இடம் மாறிக் கலந்துவிடும். மோந்து பார்த்தால்தான் என் பிள்ளை எது என்று எனக்குத் தெரியும்."

"சத்தியமாகத் திருப்பித் தருவேன்," என்றாள் இஷ்பெல்.

மூரின் தன் ஈர மூக்கை அவள் மூக்கில் வைத்து அழுத்தியது. உலகம் முழுவதும் ஒரே மூச்சில் இஷ்பெல்லுக்குள் நுழைந்தது. சுவரின் சுண்ணாம்பு, மரத்துக்குள் ஊறிய பழைய மழை, தன் கையிலிருந்த புகை எல்லாம் மணத்தன. மூரின் கடலுக்குத் திரும்ப, அவள் தூக்கத்தில் நடப்பவளைப் போலப் பீப்பாய் பீப்பாயாகப் போனாள்.

தீவுக்காரர்கள் வந்தார்கள். பார்லி விளைவிக்கும் ருவரி முதல் வாய் குடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "இப்படி ஒன்றை நீ இதுவரை தந்ததில்லை, இஷ்பெல்!" அவள் அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். கடல் ஏறுவதை அவள் மறந்துபோனாள் என்று சொல்ல முடியாது. பாறையில் தண்ணீர் ஏறும் சத்தம் காதில் விழுந்தது. இன்னும் ஒரே ஒரு பீப்பாய், என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மூரினின் அலறல் கேட்டது.

இஷ்பெல் ஓடினாள். பாறையில் மூரின் குட்டிக்குக் குட்டி போய் முகத்தை வைத்துப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தது. மற்றத் தாய்கள் சீறிக் கடித்து விரட்டின. "எது என் பிள்ளை? எது?" என்று எல்லாரையும் கேட்டது.

இஷ்பெல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். மூரினின் பால்வாடை எங்கே இருக்கிறது என்று காற்றில் தேடினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே, அலை மூடி மூடித் திறக்கும் இடுக்கில் அந்த வாடை இருந்தது. கையை விட்டு இழுத்தாள். குட்டிக்கு உயிர் இருந்தது.

"இதுதானா?" என்றது மூரின். எதிரே இருந்தும் அதற்குத் தெரியவில்லை.

"இதுதான். என்னை மன்னித்துவிடு," என்று சொல்லி, இஷ்பெல் தன் மூக்கை மூரினின் மூக்கில் வைத்து அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து ஓர் அலை இருவர் மேலும் விழுந்து வடிந்தது.

மூரின் குட்டியைத் தலையிலிருந்து வால்வரை மோந்தது. பிறகு மூக்கின் இரண்டு துளைகளையும் இறுக மூடிக்கொண்டது, இனி யாரும் கேட்டு வாங்க முடியாதபடி. இஷ்பெல்லைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு வேறு எந்த மனிதரிடமும் பேசவில்லை. குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.

நனைந்த உடையோடு திரும்பிவந்து இஷ்பெல் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள்.

"அப்படியென்றால் வருகிற வருடம் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பாய்?" என்று கேட்டான் ருவரி.

"தெரியவில்லை," என்றாள்.

ஆனால் கடைசியில் விழுந்த அந்த அலை அவளிடம் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. கடலின் வாசனை மட்டும் அவளுக்கு எட்டியது. மறு வருடம் எல்லாப் பீப்பாய்களையும் மோந்து வந்தாள். கடற்பக்கத்துச் சுவரோரம் கிடந்த ஒன்றுதான் அவளுக்கு மணத்தது. அதைத்தான் திறந்தாள். ருவரி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"கடலையே குடித்ததுபோல இருக்கிறது," என்றான். பிறகு கோப்பையை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊற்று."

அந்தக் கரையோரத்து விஸ்கியில் உப்பும் பாசியும் மணப்பது அன்றிலிருந்துதான். கடல்நாய் மூக்கை மூடியே வைத்திருந்து, மூச்சு விடவும் தன் குட்டியை மோந்து பார்க்கவும் மட்டும் அதைத் திறப்பதும் அன்றிலிருந்துதான்.