எல்லோருக்கும் ஒரே நோன்பு

ஒரு காட்டில் சூரியனைக் கும்பிடும் காட்டுக்கோழிகளும், நிலவைக் கும்பிடும் முயல்களும், மேகத்தைக் கும்பிடும் மயில்களும் சேர்ந்து ஒரு தர்மப் பொந்து நடத்தின. நோன்பு நாளில் தாங்கள் தின்னாத பங்கை அதில் போடுவது வழக்கம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நோன்பு வேறு வேறு நாள். அதனால் கிழங்கோ, தளிரோ, பழமோ கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். கால் ஒடிந்த மானும் அதன் குட்டியும் அதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன.

பொருளாளர் அணிலுக்கோ நிம்மதியே இல்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் பொந்தின் அடி தெரிந்தது. மரத்தில் ஏறும், இறங்கும், மறுபடி எட்டிப் பார்க்கும்.

ஒரு நாள் கூட்டம் போட்டது. "மாசத்துல ஒரே நாள் எல்லாரும் நோன்பு இருப்போம்! பொந்தும் நிரம்பும், ஒற்றுமையும் வளரும்!"

"அருமை!" என்று எல்லோரும் கத்தினார்கள். அப்புறம் யாருடைய நாள் என்று சண்டை வந்தது. கடைசியில் யாருடைய நாளும் அல்லாத ஒரு நாளைப் பிடித்தார்கள். மானை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த நாள் வந்தது. பொந்து வழிந்தது! அணில் குதித்துக் குதித்து ஆடியது.

சில நாளில் பழம் அழுகியது. தளிர் கருகியது. கிழங்கில் புழு வைத்தது. அடுத்த நோன்போ வெகு தூரத்தில். மானின் மடி வற்றியது. குட்டி முட்டி முட்டி அழுதது. பாவம், பெற்றவள் எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? நொண்டி நொண்டி ஓடைப் பக்கம் கிளம்பினாள்.

அணில் குறுக்கே பாய்ந்தது. "ஐயோ அக்கா, அங்க சிறுத்தை படுத்திருக்கு!"

"தெரியும் தம்பி. அங்கதான் புல்லும் இருக்கு."

"பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாங்கித் தின்கிறவ குறை சொன்னா, இதையும் நிறுத்திடுவீங்களோன்னு பயந்தேன்!"

அணிலுக்கு வெட்கத்தில் உடம்பே குறுகிப் போயிற்று. அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீடு வீடாக ஓடிப் நோன்பைப் பழையபடி அவரவர் நாளுக்கே மாற்றச் சொன்னது. அன்று முயல்களுக்கு நோன்பு முறை. சாயங்காலமே தளிர் வந்துவிட்டது.

தர்மத்துக்கு வேண்டியது ஒரு நாள் நிரம்பி வழியும் பொந்து அல்ல, பசிக்கிற நாளெல்லாம் நிற்காமல் வரும் ஒரு பிடி.